மீக்கடத்திப் படலம் எவ்வளவு மெலிந்தால் இருபரிமாணம்? நானோகம்பி நிஜமாகவே ஒருபரிமாணமா?

நீலமலர்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வரங்கத்துக்காக மெல்லிய படலங்களிலும் நானோகம்பிகளிலும் மீக்கடத்தல் (குளிரில் மின்தடை அறவே மறைவது) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

இருபரிமாணத்தில் தொடர் சமச்சீர்மையை முறிக்கும் நெடுந்தொலைவு ஒழுங்கு பூஜ்யத்துக்கு மேல் எந்த வெப்பநிலையிலும் நிற்காது என்கிறது மெர்மின்–வாக்னர் தேற்றம் (1966). ஹோஹன்பெர்க் 1967-ல் மீக்கடத்திக்கும் மீப்பாய்மத்துக்கும் (உராய்வே இன்றி ஓடும் திரவம்) அதையே நிறுவினார். அப்படியென்றால் சிலிக்கான் மேல் ஒரே அணு அடுக்காகப் படிந்த ஈயம் 1.83 கெல்வினில் மீக்கடத்தியாகிறது என்று 2010-ல் வந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. 20 நானோமீட்டர் அலுமினியப் படலத்தை இருபரிமாணம் என்கிறார்கள். அதே தடிமனுள்ள நையோபியம் நைட்ரைடை முப்பரிமாணம் என்கிறார்கள். 100 நானோமீட்டர் அகலக் கீற்றுக்கு "நானோகம்பி" என்று பெயர் வைத்துவிட்டு, கணக்கில் இருபரிமாணச் சமன்பாட்டைப் போடுகிறார்கள். எத்தனை நானோமீட்டருக்குக் கீழே போனால் பரிமாணம் குறைகிறது? ஒரு எண் சொன்னால் போதும்.

அரைக்கெல்வின்

அந்த ஒரு எண்தான் கிடைக்காது, நீலமலர். நானோமீட்டரை மட்டும் வைத்துப் பரிமாணத்தைச் சொல்ல முடியாது. தடிமனை எந்த நீளத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். ஒரு மீக்கடத்திக்குள் அப்படிக் குறைந்தது மூன்று நீளங்கள் இருக்கின்றன.

எலக்ட்ரானின் ஃபெர்மி அலைநீளம் சாதாரண உலோகத்தில் ஒரு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். மீக்கடத்தலைச் சுமக்கும் எலக்ட்ரான் இணையான கூப்பர் சோடியின் பரப்பைச் சொல்லும் கோஹிரன்ஸ் நீளம் பொருளுக்குப் பொருள் பயங்கரமாக மாறும். தூய அலுமினியத்தில் அது சுமார் 1600 நானோமீட்டர், நையோபியத்தில் 38, நையோபியம் நைட்ரைடில் வெறும் 5 அல்லது அதற்கும் கீழே. மூன்றாவது, காந்தப்புலம் உள்ளே நுழையும் ஊடுருவல் ஆழம்.

உங்கள் 20 நானோமீட்டர் அலுமினியத்துக்கு வருவோம். படலத்தில் எலக்ட்ரான் அடிக்கடி சிதறுவதால் கோஹிரன்ஸ் நீளம் 1600-லிருந்து நூறு நானோமீட்டர் வாக்கில் இறங்கிவிடும். அப்போதும் அது தடிமனைவிடப் பல மடங்கு. மேலிருந்து கீழ்வரை ஒரே அலைச்சார்பு, குறுக்கே மாற இடமே இல்லை. அதனால் சோடிகளுக்கு அது இருபரிமாணம். ஆனால் அதே படலத்தில் ஓடும் தனி எலக்ட்ரானுக்கு 20 நானோமீட்டர் என்பது பல பத்து அலைநீளங்கள். அதற்கு அது முப்பரிமாணம்தான். ஒரே படலத்துக்கு இரண்டு விடையும் ஒரே நேரத்தில் பொருந்தும்.

நையோபியம் நைட்ரைடில் தடிமன் கோஹிரன்ஸ் நீளத்தைப் போல நான்கு மடங்கு. ஆகவே குளிர்ந்த நிலையில் சோடிகளுக்கும் முப்பரிமாணம். "குளிர்ந்த நிலையில்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மீக்கடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது கோஹிரன்ஸ் நீளம் விரிந்துகொண்டே போய் அந்தப் புள்ளியில் முடிவிலியாகிறது. கின்ஸ்பர்க்–லாண்டாவ் கோட்பாட்டின்படி அது வெப்பநிலை இடைவெளியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம். நான்கு மடங்கு விரிய வேண்டுமானால் மாறுநிலைக்கு ஏறத்தாழ ஆறு விழுக்காடு பக்கத்தில் வர வேண்டும். 15 கெல்வினில் மாறும் படலம் என்றால், 14-ஐத் தாண்டியதும் அதே படலம் இருபரிமாணமாகிவிடும். கத்தரிக்கவும் இல்லை, சுரண்டவும் இல்லை, சூடாக்கியதோடு சரி.

வழிப்போக்கன்

இயற்பியலை விட்டு ரொம்ப நாளாச்சு, ஓரமாக நின்று கேட்கிறேன். மெலிந்தால் மீக்கடத்தல் கூடுமா குறையுமா? அதைச் சொல்லுங்களேன் முதலில்.

சோதனைச்சாலை_எலி

பெரும்பாலும் குறையும். நையோபியம் நைட்ரைடு கனமாக இருந்தால் 16 கெல்வின், 5 நானோமீட்டரில் 10 சொச்சம். நையோபியம் டைசெலினைடு கனப்படிகம் 7.2, ஒற்றை அடுக்கு 3 பக்கம்.

அலுமினியம் மட்டும் பிடிவாதமாக எதிர்ப்பக்கம் போகும். கனப்பொருளில் 1.2 கெல்வின், மெல்லிய, மணிமணியான படலத்தில் 2-ஐத் தாண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருப்பார்கள்.

தாளும்பென்சிலும்

மெர்மின்–வாக்னர் கேள்வியை யாரும் தொடவில்லையே. நான் எடுத்துக்கொள்கிறேன்.

தேற்றம் தடை செய்வது நெடுந்தொலைவு ஒழுங்கை. மின்தடை பூஜ்யமாவதை அது தடை செய்யவில்லை. மீக்கடத்தியின் சோடிகளையெல்லாம் ஒரே அலையாக விவரிக்கும் ஒழுங்குச் சார்புக்கு வீச்சு ஒன்று, கட்டம் ஒன்று. இருபரிமாணத்தில் வெப்பத்தால் கட்டம் தள்ளாடுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தள்ளாட்டம் தூரத்தின் லாகரிதமாக வளர்கிறது. தூரம் முடிவிலியானால் ஒழுங்கு அழிந்துவிடும் என்பது சரிதான். ஆனால் 10 நானோமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர்வரை, அதாவது பத்து லட்சம் மடங்கு தூரம் போனாலும் லாகரிதம் 14-ஐத் தொடாது. ஒழுங்கு அடுக்குவிதிப்படி மெல்லத் தேய்கிறதே தவிர உடைந்து விழுவதில்லை.

மின்தடையை உண்டாக்குவது கட்டத்தின் விறைப்பு (முறுக்கை எதிர்க்கும் தன்மை) போய்விடுவது. அதைக் கெடுப்பவை சுழல்கள், அதாவது சுற்றி வந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்று திரும்பும் இடங்கள். பெரெசின்ஸ்கி 1971 வாக்கிலும் கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1972–73-லும் கண்ட வாதம் நாலு வரிதான். தனிச் சுழல் ஒன்றின் ஆற்றல், படல அளவின் லாகரிதம். அந்தச் சுழலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் கிடைக்கும் என்ட்ரோபியும் அளவின் லாகரிதம். இரண்டும் ஒரே வடிவில் வளர்வதால், எது ஜெயிக்கும் என்பதை வெப்பநிலை மட்டுமே முடிவுசெய்கிறது. குளிரில் ஆற்றல் ஜெயித்து, சுழலும் எதிர்ச்சுழலும் இணையாகக் கட்டுண்டு கிடக்கும், மின்தடை இல்லை. குறிப்பிட்ட வெப்பநிலையில் இணைகள் அவிழும், தடை தலைகாட்டும். 2016 நோபல் பரிசில் கோஸ்டர்லிட்ஸ், தௌலஸ் பங்குக்கு இதுவும் சேர்ந்தது. பெரெசின்ஸ்கி 1980-லேயே போய்விட்டார்.

இதே வாதத்தை ஒருபரிமாணத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கம்பியில் கட்டத்தை உடைக்கும் நிகழ்வுக்கு ஆகும் ஆற்றல் கம்பி நீளத்தைச் சார்ந்ததே அல்ல. அது ஒரு திட்டமான எண். என்ட்ரோபியோ நீளத்தின் லாகரிதமாக ஏறுகிறது. கம்பி போதிய நீளமிருந்தால் எந்த வெப்பநிலையிலும் என்ட்ரோபிதான் ஜெயிக்கும். ஆகவே நீண்ட ஒருபரிமாணக் கம்பியில் உண்மையான மாறுநிலை வெப்பநிலை கிடையாது. மூன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசையில் இரண்டுக்குத்தான் இந்த நூலிழைச் சமநிலை. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அதுதான்.

நீலமலர்

அருமை. ஆனால் ஒரு உறுத்தல். சுழல்களுக்கு இடையிலான விசை லாகரிதமாக நீள வேண்டும் என்கிறீர்கள். மீக்கடத்தியில் சுழல் மின்னூட்டச் சோடிகளால் ஆனது. காந்தப்புலம் அதை மறைத்துவிடுமே? ஊடுருவல் ஆழத்துக்கு அப்பால் சுழல்கள் ஒன்றையொன்று பார்க்காதே?

அரைக்கெல்வின்

நல்ல கேள்வி. கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும்கூட இதை நினைத்துத்தான் மீக்கடத்திக்கு இது பொருந்தாது என்று முதலில் ஒதுக்கினார்கள்.

ஆனால் படலத்தில் மறைக்கும் நீளம் வேறு. பேர்ல் 1964-ல் காட்டியபடி, அது ஊடுருவல் ஆழத்தின் இருமடியைத் தடிமனால் வகுத்து இரட்டித்தால் வருவது. மின்னோட்டம் ஓட இடம் குறைவு, காந்தப்புலமோ படலத்துக்கு மேலும் கீழும் வெற்றிடத்தில் தாராளமாகப் பரவுகிறது, மறைப்பு பலவீனமாகிறது. 5 நானோமீட்டர் தடிமன், 500 நானோமீட்டர் ஊடுருவல் ஆழம் என்று வைத்தால் பேர்ல் நீளம் 0.1 மில்லிமீட்டர். பல மாதிரிகளின் அகலமே அதற்குள் அடங்கிவிடும்! அதற்குள் சுழல்கள் லாகரித விசையோடுதான் இருக்கும். 1979-ல் பீஸ்லி, மூய், ஆர்லாண்டோ மூவரும் இதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் படலங்களில் தேடல் சூடுபிடித்தது.

அவர்களே கொடுத்த இன்னொரு கணக்கை ஆய்வரங்கத்தில் கட்டாயம் சொல்லுங்கள். சோடிகள் உருவாகும் வெப்பநிலைக்கும் சுழல்கள் அவிழும் வெப்பநிலைக்கும் எவ்வளவு இடைவெளி? சாதாரண நிலையில் படலத்தின் சதுரத் தடை (ஒரு சதுரத் துண்டின் தடை) 1 கிலோ ஓம் என்றால் ஏறத்தாழ 4 விழுக்காடு. 100 ஓம் என்றால் அரை விழுக்காடுகூட இல்லை. பத்து கெல்வின் படலத்தில் அது 0.04 கெல்வின். படலம் சீராக இல்லாததால் மட்டுமே மாற்றம் அதைவிட அகலமாகப் பரவிக் கிடக்கும். தடை கொஞ்சமாக உள்ள படலத்தில் கோஸ்டர்லிட்ஸ்–தௌலஸ் மாற்றத்தைக் கண்டுவிட்டோம் என்று வரும் கட்டுரைகளை நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படிப்பேன்.

சோதனைச்சாலை_எலி

+1. அந்த மாற்றத்தில் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் மூன்றாம் அடுக்காக வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். லாக்–லாக் தாளில் எங்காவது ஒரு இடத்தில் சாய்வு 3-ஐத் தொடத்தான் செய்யும், சாதாரண வெப்பமேற்றத்தால்கூட. "சாய்வு 3, ஆகவே கோஸ்டர்லிட்ஸ்–தௌலஸ்" என்பது ஆதாரமாகாது. சாய்வு 1-லிருந்து 3-க்குத் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும்; மீப்பாய்ம விறைப்பை நேரடியாக அளந்து, நெல்சன்–கோஸ்டர்லிட்ஸ் 1977-ல் சொன்ன தாவல் அதே வெப்பநிலையில் வருகிறதா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். ஹீலியம் படலத்தில் பிஷப்பும் ரெப்பியும் 1978-ல் அந்த விறைப்பைத்தான் அளந்தார்கள். நம்மாட்களுக்குத்தான் பொறுமை இல்லை.

வழிப்போக்கன்

தலைவரே, படலத்தைப் பார்த்தவுடன் இது இருபரிமாணம் என்று கண்டுபிடிக்க வேறு எளிய வழி உண்டா? இத்தனை சுழல் கணக்கு இல்லாமல்.

அரைக்கெல்வின்

உண்டு, இரண்டு.

முதலாவது காந்தப்புலத்தைச் சாய்த்துப் பார்ப்பது. புலம் படலத்துக்குச் செங்குத்தாக இருந்தால், மீக்கடத்தலை அழிக்கும் மேல் மாறுநிலைப் புலம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் குறையும். இணையாக இருந்தால், இருபரிமாணப் படலத்தில் வர்க்கமூலமாகக் குறையும். கோணத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் இணைத் திசையில் வரைகோடு கூர்முனையாக நிற்கும். டிங்கம் சூத்திரம் அதைத்தான் சொல்கிறது. முப்பரிமாணத்தில் அதே இடம் மழுங்கி வளைந்திருக்கும். நையோபியத்தையும் ஜெர்மேனியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிய படலங்களில் 1980-ல் இந்த மாற்றத்தையே வெப்பநிலையை நகர்த்திப் பார்த்தார்கள். மாறுநிலைக்கு மிக அருகே அடுக்குகள் கைகோத்து முப்பரிமாணமாக இருக்கும். கீழே இறங்கினால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனி இருபரிமாணம். நான் முதலில் சொன்ன தனிப்படலத்துக்கு நேர் எதிர்த்திசை, கவனியுங்கள்.

இரண்டாவது, மாறுநிலைக்கு மேலே பார்ப்பது. மீக்கடத்தல் தொடங்குவதற்கு முன்பே சோடிகள் தோன்றித் தோன்றி மறையும்; அதனால் கடத்துதிறன் கொஞ்சம் கூடும். குளோவர் 1967-ல் அளந்தார், அஸ்லமாசோவும் லார்கினும் 1968-ல் கணக்கு கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் பங்கு மாறுநிலையை நெருங்கும்போது எந்த அடுக்கில் விரிகிறது என்பது பரிமாணத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்: முப்பரிமாணத்தில் அரை, இருபரிமாணத்தில் ஒன்று, ஒருபரிமாணத்தில் ஒன்றரை. இருபரிமாணத்தில் அந்தப் பங்கின் அளவுகூடப் பொருளைச் சாராது. எலக்ட்ரான் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி இரண்டு மட்டும் இருந்தால் போதும்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. அறை வெப்பநிலை மீக்கடத்தி வந்துவிட்டதா என்ற பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே படலமும் கம்பியும் மட்டும்.

நீலமலர்

நன்றி. இப்போது கம்பி. முன்பு கேட்ட 100 நானோமீட்டர் கீற்று ஒருபரிமாணமா இல்லையா?

சோதனைச்சாலை_எலி

இது என் பேட்டை, நான் சொல்கிறேன். ஒற்றை ஒளித்துகளை எண்ணும் மீக்கடத்தி நானோகம்பிக் கண்டறிவான்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். 2001-ல் கோல்ட்ஸ்மான் குழு காட்டியது: நையோபியம் நைட்ரைடு, தடிமன் 5 நானோமீட்டர், அகலம் 200 நானோமீட்டர். பிறகு வந்தவற்றில் அகலம் நூறு வாக்கில். பெயர் நானோகம்பி. ஆனால் கோஹிரன்ஸ் நீளம் 5 என்றால் அகலம் அதைப் போல இருபது மடங்கு. கோஹிரன்ஸ் நீளத்தின் 4.4 மடங்குக்கு மேல் அகலமிருந்தால் கீற்றுக்குள் சுழல் நுழைய முடியும் என்று லிகாரெவ் 1979-ல் காட்டினார். நம் கீற்றில் 22 நானோமீட்டருக்கு மேலே எல்லாமே இருபரிமாணக் கணக்குதான். ஒளியே படாமல் கண்டறிவான் துடிக்கிறதே, அந்த இருட்டு எண்ணிக்கைக்கு முக்கிய சந்தேகநபர் கீற்றைக் குறுக்கே கடந்து ஓடும் சுழல்தான். அசல் ஒருபரிமாணக் கம்பியில் அப்படிக் கடக்கக் குறுக்குவெளியே இல்லை.

இதற்கு நேர்மாறு: 1970-களின் தொடக்கத்தில் லூக்கன்ஸ், நியூபவர், டிங்கம் போன்றோர் அளந்த வெள்ளீய மயிரிழைகள். விட்டம் நம் கீற்றின் அகலத்தைவிடப் பெரியது. வெள்ளீயத்தின் கோஹிரன்ஸ் நீளமே 230 நானோமீட்டர், மாறுநிலைக்கு அருகே இன்னும் விரியும். ஆகவே தடித்த அந்த இழை ஒருபரிமாணம், ஒல்லியான இந்த "நானோகம்பி" இருபரிமாணம். பெயர்ப்பலகையைப் பார்த்துப் பரிமாணம் சொல்லாதீர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படலம் மெலிவதால் எங்களுக்குக் கிடைக்கும் இன்னொரு வரவும் செலவும் இயக்க மின்தூண்டல். சோடிகள் குறைவு, அதே மின்னோட்டத்தைச் சுமக்க அவை வேகமாக ஓட வேண்டும், அந்த இயக்க ஆற்றலே மின்தூண்டலாகத் தெரியும். சதுரத் தடை 500 ஓம், மாறுநிலை 10 கெல்வின் என்று வைத்தால் சதுரத்துக்குச் சுமார் 70 பிக்கோஹென்றி. மடித்து மடித்துப் போட்ட கீற்றில் ஐயாயிரம் சதுரங்கள் இருந்தால் 0.35 மைக்ரோஹென்றி, 50 ஓம் சுமையோடு சேர்த்தால் 7 நானோநொடி. கண்டறிவான் அடுத்த துகளுக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை இதுதான் கட்டிப்போடுகிறது. குவாண்டம் சுற்று செய்பவர்களோ இதே மின்தூண்டலை வேண்டி வரவேற்கிறார்கள்.

தாளும்பென்சிலும்

அசல் ஒருபரிமாணத்தில் நடப்பது கட்ட வழுக்கல். மின்னோட்டம் பாயும் கம்பியில் கட்டம், முறுக்கேறிய கயிறு மாதிரி நீளத்தில் சுற்றிக்கொண்டே போகிறது. முறுக்கு ஒன்று அவிழ வேண்டுமானால் கயிற்றை ஓரிடத்தில் வெட்டித் திருப்பி ஒட்ட வேண்டும். கம்பியில் அந்த வெட்டு என்பது, கோஹிரன்ஸ் நீளம் அளவுள்ள ஒரு துண்டில் வீச்சு ஒரு கணம் பூஜ்யமாவது. கட்டம் ஒரு முழுச் சுற்று வழுக்கும். மின்னழுத்தத் துடிப்பு ஒன்று வெளியே வரும். லிட்டில் 1967-ல் யோசனை கொடுத்தார். அதே ஆண்டு லாங்கரும் வினய் அம்பேகாவ்கரும் அதற்கான ஆற்றல் அரணைக் கணக்கிட்டார்கள். மெக்கம்பரும் ஹால்பெரினும் 1970-ல் வழுக்கும் வேகத்தைச் சேர்த்தார்கள்.

அரணின் உயரம் என்ன? சோடியாவதால் மிச்சமாகும் ஆற்றலை, குறுக்குப் பரப்பாலும் கோஹிரன்ஸ் நீளத்தாலும் பெருக்கினால் வருவது, முன்னால் ஒரு எண்ணோடு. கம்பி தடித்திருந்தால் அரண் மலைபோல் நிற்கும். வெள்ளீய இழையில் மாறுநிலைக்குச் சில மில்லிகெல்வினுக்குள் மட்டும் தடை தெரிந்ததற்குக் காரணம் அதுதான். குறுக்குப் பரப்பைக் குறைத்தால் அரண் சரியும், தடை கீழே கீழே நீளும்.

நீலமலர்

அப்படியானால் பூஜ்ய கெல்வினை நெருங்கும்போது வெப்ப வழுக்கல் நின்றுவிடும், கம்பி முழு மீக்கடத்தியாகிவிடும். சரிதானே?

தாளும்பென்சிலும்

அரண் தாழ்வாக இருந்தால் ஏறிக் கடக்க வேண்டியதில்லை, குவாண்டம் முறையில் துளைத்துக் கடக்கலாம். வெப்பம் ஓய்ந்த பிறகும் அது ஓயாது. ஜியார்டனோ 1988-ல் மெல்லிய இண்டியம் கம்பிகளில் வெப்ப வழுக்கல் கணக்கைவிடத் தடை மெதுவாகக் குறைவதைக் கண்டு, இதுதான் காரணம் என்றார்.

அரைக்கெல்வின்

அந்த முடிவு அப்போதே சண்டையில் மாட்டியது. கம்பியில் ஒரு இடம் இளைத்திருந்தாலோ, மணிகளாக உடைந்திருந்தாலோ இதே வால் கிடைக்கும். அதனால் மாதிரியைச் சீராக்குவதுதான் அடுத்த பத்தாண்டின் வேலை. பெஸ்ரியாடின், லாவ், டிங்கம் 2000-ல் ஒரு அழகான வழி பிடித்தார்கள்: தொங்கும் கார்பன் நானோகுழாய் மேல் மாலிப்டினம்–ஜெர்மேனியத்தைத் தூவி, பத்து நானோமீட்டருக்கும் குறைந்த கம்பி செய்தார்கள். சில கம்பிகள் மீக்கடத்திகளாயின, சில ஆகவே இல்லை. சாதாரணத் தடை 6.45 கிலோ ஓமுக்குக் கீழா மேலா என்பது பிரிகோடாகத் தெரிந்தது. இன்னொரு குழு ஒரே அலுமினியக் கம்பியை ஆர்கான் அயனிகளால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்தது. அதில் மாதிரிக்கு மாதிரி வித்தியாசம் என்ற சாக்கு எடுபடாது. எனக்குப் பிடித்த சோதனை அது: விட்டம் குறையக் குறைய மாறுநிலை கொஞ்சம் ஏறுகிறது (அலுமினியமாயிற்றே), ஆனால் பத்து நானோமீட்டரை நெருங்கும்போது பூஜ்யத் தடையே காணாமல் போகிறது.

வழிப்போக்கன்

6.45 கிலோ ஓம் எங்கிருந்து முளைத்தது?

தாளும்பென்சிலும்

பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்ட இருமடியின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது. நான்கு என்பது சோடியின் இரட்டை மின்னூட்டம்.

இது படலத்திலும் தலைகாட்டும். 1989-ல் ஹேவிலண்ட், லியூ, கோல்ட்மன் மூவரும் உறைகுளிரில் வைத்த ஜெர்மேனிய அடித்தளம் மேல் பிஸ்மத்தைச் சிறிது சிறிதாகத் தூவிக்கொண்டே அளந்தார்கள். மெல்லியதாக இருந்தபோது குளிரக் குளிரத் தடை ஏறி மின்காப்பானானது; கொஞ்சம் தடித்ததும் தடை இறங்கி மீக்கடத்தியானது. இரண்டையும் பிரித்த சதுரத் தடை 6.45 கிலோ ஓமை ஒட்டி வந்தது. அடுத்த ஆண்டு ஃபிஷர் ஒரு படம் கொடுத்தார்: மீக்கடத்தியில் சோடிகள் சுதந்திரம், சுழல்கள் சிறைப்பட்டவை, மின்காப்பானில் சுழல்கள் சுதந்திரம், சோடிகள் சிறை. எல்லையில் இரண்டும் சமம், அதனால்தான் இயற்கை மாறிலிகளால் மட்டும் ஆன தடை.

அரைக்கெல்வின்

அந்தப் படத்தின் அழகை மறுக்கவில்லை. ஆனால் பொருளை மாற்றினால் எல்லைத் தடையும் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாப் படலமும் ஒரே வழியில் சாவதில்லை. ஃபிங்கெல்ஸ்டைன் 1987-ல் காட்டிய வழியில், ஒழுங்கின்மை கூடக்கூட எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தை மறைப்பது கடினமாகி, சோடியே உருவாவது குறைகிறது, வீச்சு சாகிறது. மாலிப்டினம்–ஜெர்மேனியப் படலங்களில் மாறுநிலை இறங்கியது இதற்குப் பொருந்துகிறது. இண்டியம் ஆக்சைடு போன்றவற்றில் சோடிகள் உயிரோடு இருக்கின்றன, கட்டம்தான் சிதறுகிறது. மின்தடை தோன்றிய பிறகும் ஆற்றல் இடைவெளி (சோடியைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலின் அடையாளம்) நிறமாலையில் நிற்கிறது. ஒரே கோட்டில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பது கோட்பாட்டாளர்களின் ஆசை.

தாளும்பென்சிலும்

ஆசை இல்லாவிட்டால் உங்களுக்கு அளக்க என்ன இருக்கும்? :) இரண்டு வழியும் உண்டு என்பதில் தகராறு இல்லை. ஒரே பொருளில் இரண்டும் கலந்து வரும்போது எல்லையில் எது ஆளுகிறது என்பதில்தான் தகராறு. அதை இங்கே தீர்க்க முடியாது.

பிஸ்மத்தைப் பற்றி ஒரு துணுக்கு: உருவமற்ற பிஸ்மத் படலம் 6 கெல்வின் வாக்கில் மீக்கடத்தி. ஒழுங்கான கனப்படிகமோ 0.53 மில்லிகெல்வினுக்குக் கீழே போனால்தான். அதை 2017-ல் கண்டது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழு. ஒழுங்கின்மை எப்போதும் எதிரி என்று நினைப்பவர்களுக்காக.

சோதனைச்சாலை_எலி

மெலிந்தால் குறையும் என்று நான் மேலே சொன்னதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதையும் போட்டுவிடுகிறேன். இரும்பு செலினைடு கனப்பொருளில் 8 கெல்வின். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேல் ஒற்றை அடுக்காக வளர்த்தால் ஆற்றல் இடைவெளி 65 கெல்வின் வரை திறந்திருக்கிறது. 2012-லிருந்து இதன்மேல் கூட்டம். ஆனால் இதை மெலிவின் மகிமை என்று எழுதிவிடாதீர்கள். அடித்தளத்திலிருந்து எலக்ட்ரான்கள் ஏறுகின்றன. அதன் படிகக்கூட்டு அதிர்வும் கைகொடுக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். முதல் சோதனையிலேயே அதன்மேல் இரண்டாவது அடுக்கு வளர்ந்த இடம் மீக்கடத்தலைக் காட்டவில்லை. ஒற்றை அடுக்கு என்பது இங்கே அண்டை வீட்டின் செல்வாக்குதான்.

மெலிவே நேரடியாக விளையாடுவது ஈயத்தில். இருபதுக்கு மேற்பட்ட அணு அடுக்குகள் கொண்ட படலங்களில் ஒவ்வொரு அடுக்காகக் கூட்டினால் மாறுநிலை ஏறி இறங்குகிறது (2004). தடிமனுக்குள் எலக்ட்ரான் அலை நின்றலையாகப் பொருந்துவதால், ஃபெர்மி மட்டத்தில் நிலைகளின் அடர்த்தி கூடிக் குறைகிறது. இங்கேதான் எலக்ட்ரானுக்கே பரிமாணம் குறையத் தொடங்குகிறது. அரைக்கெல்வின் சொன்ன முதல் நீளம்.

நீலமலர்

இணைத் திசைக் காந்தப்புலம் பற்றி ஒரு சந்தேகம். மெல்லிய படலத்தில் சுழலுக்கு இடமில்லை என்றால், இணைப்புலம் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குமா?

அரைக்கெல்வின்

சுழலுக்கு இடமில்லாமல் போனாலும் எலக்ட்ரானின் ஸ்பின் இருக்கிறதே. எதிரெதிர் ஸ்பின்களால் ஆன சோடியைப் புலம் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். க்ளாக்ஸ்டனும் சந்திரசேகரும் 1962-ல் கொடுத்த எல்லை, ஒரு கெல்வினுக்கு 1.84 டெஸ்லா. (இவர் பி. எஸ். சந்திரசேகர். விண்மீன் எல்லை கண்ட எஸ். சந்திரசேகர் வேறு, இரண்டு எல்லைக்கும் ஒரே பெயர் என்பதால் ஆய்வரங்கில் யாராவது நிச்சயம் குழப்புவார்கள்.)

3 கெல்வின் ஒற்றை அடுக்கு நையோபியம் டைசெலினைடுக்கு அந்த எல்லை 5.5 டெஸ்லா. அது 30 டெஸ்லாவைத் தாண்டியும் நிற்கிறது. ஒற்றை அடுக்கில் தலைகீழ்ச் சமச்சீர்மை இல்லை. ஸ்பின்–சுற்றுப்பாதைப் பிணைப்பு ஸ்பின்களைச் செங்குத்துத் திசையில் ஆணியடித்து வைக்கிறது. இணைப்புலம் அவற்றைச் சாய்க்கத் திணறுகிறது. ஐசிங் மீக்கடத்தல் என்று பெயர்.

நீலமலர்

கடைசியாக ஒன்று. குவாண்டம் வழுக்கல் கம்பிகளால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா, இல்லை தொந்தரவு மட்டும்தானா? நெறியாளர் கேட்பார் என்று பயமாக இருக்கிறது. (இங்குள்ள நெறியாளர் இல்லை, என் ஆய்வு நெறியாளர்!)

தாளும்பென்சிலும்

உண்டு. ஜோசப்சன் சந்தியில் (இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு) நுண்ணலை செலுத்தினால் மின்னழுத்தம் படிப்படியாக நிற்கும். உலகெங்கும் வோல்ட் அளவீட்டுத் தரம் அதில் ஓடுகிறது. மூயும் நசரோவும் 2006-ல் சொன்னது: வழுக்கல் கம்பி அதன் கண்ணாடிப் பிம்பம், அதில் மின்னோட்டம் படிப்படியாக நிற்க வேண்டும். 2012-ல் அஸ்தாஃபியெவ் குழு இண்டியம் ஆக்சைடு கம்பியில் வழுக்கல் ஒத்திசைவோடு நடப்பதைக் காட்டியது. 2022-ல் நையோபியம் நைட்ரைடு கம்பியில் அந்த மின்னோட்டப் படிகளே தெரிந்தன. படியின் உயரம் எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரண்டு மடங்கை அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவது.

சோதனைச்சாலை_எலி

சோதனைக் கூடத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை, நீலமலர். அளவீட்டுக் கம்பிகளில் குளிர்நிலை வடிகட்டி போடாமல் ஒரு புள்ளிகூட எடுக்காதீர்கள். இருபரிமாணப் படலங்களில் மீக்கடத்தியும் இல்லை, மின்காப்பானும் இல்லை, இடையில் விசித்திர உலோகம் ஒன்று இருக்கிறது என்று 1990-களிலிருந்து பேசிவந்தார்கள். 2019-ல் ஒரு குழு இண்டியம் ஆக்சைடிலும் நையோபியம் டைசெலினைடிலும் வடிகட்டியை மாட்டி அளந்தபோது, அந்தத் தேங்கி நிற்கும் தடை மறைந்தது. வெளியிலிருந்து வந்த வானொலி இரைச்சல்தான் படலத்தைச் சூடேற்றி வைத்திருந்தது. எல்லா மாதிரிகளுக்கும் அது பொருந்துமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கம்பியில் "தடை பூஜ்யமாகவில்லை, ஆகவே குவாண்டம் வழுக்கல்" என்று எழுதும் முன் இதே சந்தேகம் உங்கள்மேலும் பாயும்.

நீலமலர்

வடிகட்டி எந்த வெப்பநிலையில் உட்கார வேண்டும்? மேலே அறை வெப்பநிலையில் போட்டால் போதாதா?

சோதனைச்சாலை_எலி

மேலே ஒன்று, மாதிரி உட்காரும் தட்டிலேயே இன்னொன்று. மேலே மட்டும் போட்டால் அதற்குக் கீழே உள்ள கம்பியே சூடான இடத்தின் இரைச்சலை இறக்கிவிடும். செப்புப் பொடி நிரப்பிய வகை கிகாஹெர்ட்ஸ் பக்கம் நன்றாக விழுங்கும். தாழ் அதிர்வெண்ணுக்குத் தடையும் மின்தேக்கியும் சேர்ந்த சாதாரண வடிகட்டி. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியை அளந்து இரண்டு வரைகோட்டையும் ஒரே தாளில் போடுங்கள்.